பெண் படத்துக்கு ‘ஓப்பனிங்’ இல்லையாம்

தமிழ் சினிமா வியாபாரத்தில் ‘ஹீரோயின் ஓரியண்டட் படம்’ என்று ஒரு சரக்குப் பிரிவு இருக்கிறது. ‘ஹீரோ ஓரியண்டட் படம்’ என்று ஒன்று கிடையாது. அதற்குப் பெயர் வெறும் ‘படம்’. முதல் வகைக் கதையை எடுத்துக்கொண்டு ஓர் இயக்குநர் தயாரிப்பாளரிடம் போனால், “கதை நல்லா இருக்கு, ஆனா ஓப்பனிங் இருக்காதே” என்பதுதான் அவர் கேட்கும் முதல் வசனம். மக்கள் விரும்பவில்லை, நாங்கள் என்ன செய்ய என்று கையை விரித்துவிடுவார்கள். முற்போக்கு பேசும் நண்பர்கள்கூட இந்த இடத்தில் தலையாட்டிவிடுகிறார்கள். “ஆடியன்ஸ் மாறணும் தோழர்” என்று ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான்.

யார் இந்த ஆடியன்ஸ்?

ஓப்பனிங் என்பது வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாள் வசூல். ஒரு படத்தின் தலையெழுத்தை இந்த மூன்று நாள் தீர்மானிக்கிறது. இந்த மூன்று நாளில் திரையரங்குக்கு வரக்கூடியவர்கள் யார்? 2023 ஜனவரியில் ஒரு ரசிகர் இறந்துபோன பிறகு அதிகாலைக் காட்சிகள் நின்றுபோயின. இப்போது முதல் காட்சி காலை 9 மணிக்கு. வெள்ளிக்கிழமை காலை 9 மணி என்பது சமைத்து வைத்துவிட்டு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, வேலைக்கு ஓடுகிற பெண்ணின் நேரமல்ல. ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கும் பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வேலை அதிகம். இரவுக் காட்சி முடித்து, ஒரு மணிக்கு டீ குடித்துவிட்டு வீடு திரும்பும் அண்ணனை வீட்டில் யாரும் கேள்வி கேட்பதில்லை. அதே காட்சிக்குத் தங்கை தன் தோழிகளோடு போய்வர முடியுமா? நேரமும், கையில் செலவுக்குக் காசும், இரவும் யாரிடம் இருக்கின்றனவோ அவர்களின் விருப்பம்தான் ‘மக்களின் விருப்பம்’ என்ற பெயரில் கணக்கில் ஏறுகிறது.

அந்தக் கணக்கும் படம் வந்த பிறகு தொடங்குவதில்லை. தமிழ்நாட்டுச் சினிமா விநியோகம் ஏரியா ஏரியாவாக நடக்கிறது: சென்னை, செங்கல்பட்டு, வட ஆற்காடு, தென் ஆற்காடு, கோவை, மதுரை–ராமநாதபுரம், திருச்சி–தஞ்சை, சேலம், நெல்லை–குமரி. (ஆற்காடு மாவட்டங்கள் அரசு வரைபடத்திலிருந்து காணாமல் போய் முப்பது ஆண்டுக்கு மேலாகிறது, சினிமா வியாபாரத்தில் மட்டும் உயிரோடு இருக்கின்றன.) மினிமம் கேரண்டி என்றாலும் அட்வான்ஸ் என்றாலும், விநியோகஸ்தர் பார்ப்பது ஒரே விஷயத்தைத்தான்: ஹீரோவின் முந்தைய படம் இந்த ஏரியாவில் என்ன வசூலித்தது. முந்தைய படமே தரப்படாத நடிகைக்கு முந்தைய வசூல் எங்கிருந்து வரும்? அதனால் விலை குறைவு. விலை குறைவு என்பதால் விளம்பரம் குறைவு, திரைகள் குறைவு. கிடைக்கும் திரையிலும் பகல் பதினொன்றரை மணிக்கு ஒரு காட்சி. திங்கட்கிழமை அந்தக் காட்சியையும் தூக்கிவிட்டு, ‘பார்த்தீர்களா, கூட்டம் வரவில்லை’ என்பார்கள். கடையைத் திறக்காமலே வியாபாரமில்லை என்று சொல்வது வேறெந்தத் தொழிலிலும் எடுபடாது.

இது எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று நினைக்க வேண்டாம். 1935இல் ‘நந்தனார்’ படத்தில் நடிக்க கே.பி.சுந்தராம்பாளுக்குக் கொடுக்கப்பட்ட சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அன்று எந்த ஆண் நடிகரும் கற்பனை செய்திராத தொகை. கணவர் கிட்டப்பா இறந்த பின் ஆண்களோடு ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தவர் அவர். அதனால் நந்தனாராகவே நடித்தார். சேரியில் பிறந்த அடியவராக ஒரு பெண். அவருக்கு ஒரு லட்சம். படம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. அதற்காகப் பெண்ணை வைத்துப் படம் எடுத்தால் இப்படித்தான் என்று முதலாளிகள் கடையைக் கட்டவில்லை. 1953இல் எஸ்.எஸ்.வாசனின் ஜெமினி நிறுவனம் அதே சுந்தராம்பாளை வைத்து ‘ஔவையார்’ எடுத்தது. காதல் கிடையாது, கதாநாயகன் கிடையாது, மையத்தில் இருப்பது ஒரு கிழவி. அந்தக் காலத்தின் மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்று அது. இன்றைய தயாரிப்பாளரிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள்.

அதற்குப் பிறகும் நீண்ட காலம் பெண் பார்வையாளர்தான் வியாபாரத்தின் அச்சாணி. சுவரொட்டிகளில் ‘தாய்க்குலத்தின் பேராதரவு பெற்ற’ என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். மேட்னி காட்சிக்குப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தால் படம் நூறு நாள் என்று அர்த்தம். டூரிங் கொட்டகையில் அவர்களுக்கென்று தனிப் பகுதி, தனி வரிசை. ‘தாய்க்குலம்’ என்ற சொல்லின் மீது எனக்கு எந்த மரியாதையும் இல்லை. பெண்ணைத் தாயாக மட்டுமே பார்க்கத் தெரிந்தவர்களின் சொல் அது. ஆனால் அது ஒரு வியாபாரச் சொல். வாங்குபவர் இருக்கிறார் என்று தெரிந்துதான் விற்பவர் அதை அச்சடித்தார். 1990இல் தெலுங்கில் வந்த விஜயசாந்தியின் ‘கர்த்தவ்யம்’ இங்கே ‘வைஜெயந்தி ஐ.பி.எஸ்.’ ஆகி, டப்பிங் படமாகவே பட்டிதொட்டியெல்லாம் ஓடியதும் இதே தமிழ்நாட்டில்தான்.

பிறகு தாய்க்குலம் எங்கே போனது? வீட்டுக்கு அனுப்பிவைக்கப்பட்டது.

1993இல் சன் டிவி வந்தது. 1999இல் ராதிகாவின் ‘சித்தி’ தொடங்கியபோது இரவுகளில் தெருக்கள் வெறிச்சோடின என்று இன்றும் பேசுகிறார்கள். அதன் பிறகு ‘மெட்டி ஒலி’. அதன் பிறகு தேவயானியின் ‘கோலங்கள்’, 2003 முதல் 2009 வரை 1500க்கும் மேற்பட்ட பகுதிகள். ஒரு பெண் கம்பெனி நடத்துகிறாள், ஏமாற்றப்படுகிறாள், எழுகிறாள். இதை ஆறு ஆண்டுகள் தமிழ்நாடு தினமும் உட்கார்ந்து பார்த்தது. ஆண்களும் சேர்ந்துதான் பார்த்தார்கள், பார்க்காத மாதிரி பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு. சோப்பு, மசாலாப் பொடி, நகைக்கடை என்று விளம்பரதாரர்கள் வரிசையில் நின்றார்கள். பெண்ணை மையமாக வைத்த கதைக்குத் தமிழில் இருக்கும் மிகப்பெரிய சந்தை இதுதான். கால் நூற்றாண்டாக ஒரு நாள்கூட மூடாத சந்தை. வீட்டுக்குள் ‘பெண்ணைப் பற்றித்தான் பார்ப்பார்கள்’ என்று சத்தியம் செய்கிற அதே முதலாளித்துவம், தியேட்டர் வாசலில் நின்றுகொண்டு ‘பெண்ணைப் பற்றி யாரும் பார்க்க மாட்டார்கள்’ என்றும் சத்தியம் செய்கிறது. இரண்டில் எது பொய்?

இரண்டும் பொய்யில்லை என்பதுதான் கொடுமை. சீரியல் பெண் வீட்டைக் காப்பாற்றும் பெண். கூட்டுக் குடும்பத்தை, தாலியை, அண்ணன் தம்பி உறவை, சொத்தை உடையாமல் பார்த்துக்கொள்ளும் பெண். அந்த வீடு ஏறக்குறைய எப்போதும் சாதி இந்து வீடுதான். பாத்திரம் கழுவ வரும் பெண்ணுக்கு மட்டும் அங்கே ஊர், பேச்சு, நிறம் எல்லாம் வேறாக இருக்கும். இந்தப் பெண்ணைச் சந்தை தாராளமாக மையத்தில் வைக்கும். வீட்டைவிட்டு வெளியே போகிறவளைத்தான் அதற்குப் பிடிக்காது.

கொரோனா காலத்தில் இதே அனுப்பிவைத்தல் இன்னொரு முறை நடந்தது. 2020 மே மாதம் ஜோதிகாவின் ‘பொன்மகள் வந்தாள்’ நேரடியாக ஓடிடியில் வந்தபோது திரையரங்கு உரிமையாளர்கள் கொதித்தார்கள்; சூர்யா தரப்பின் படங்களைத் திரையிட மாட்டோம் என்றுகூட எச்சரித்தார்கள். அதன் பின்னாலேயே கீர்த்தி சுரேஷின் ‘பெண்குயின்’, ‘மிஸ் இந்தியா’, நயன்தாராவின் ‘மூக்குத்தி அம்மன்’, ‘நெற்றிக்கண்’, மீண்டும் கீர்த்தி சுரேஷின் ‘சாணிக் காயிதம்’ என்று வரிசையாக ஓடிடிக்கே போயின. திரையரங்குகள் திறந்தன, ‘மாஸ்டர்’ வந்தது, கூட்டம் வந்தது. பெண்களின் படங்கள் மட்டும் ‘இது ஓடிடி மெட்டீரியல்’ என்ற முத்திரையோடு வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டன. இந்தப் படங்களில் சில சுமார்தான், மறுக்கவில்லை. சுமாரான ஆண் படங்களுக்கு ஆயிரம் திரை கிடைக்கிறதே என்பதுதான் கேள்வி.

தோற்றால் யார் மீது பழி என்பதிலும் அதே ஓரவஞ்சனை. 2024இல் ‘இந்தியன் 2’ கவிழ்ந்தது, ‘கங்குவா’ கவிழ்ந்தது. எத்தனை கோடிகள் போயின! ஆண் படத்துக்கு மார்க்கெட் இல்லை என்று யாராவது சொன்னார்களா? திரைக்கதை சரியில்லை, ஒலி சரியில்லை என்றார்கள். பெண்ணின் படம் தோற்றால் மட்டும் தோற்றது பெண்ணினம். ஜெயித்தால் அது விதிவிலக்கு. 2017இல் கோபி நயினாரின் ‘அறம்’ ஜெயித்தது. ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த குழந்தை, குடிக்கத் தண்ணீரில்லாத கிராமம், அதிகாரத்தோடு மோதும் பெண் ஆட்சியர். பாட்டுக்கு ஆடும் ஜோடி கிடையாது. அதிலிருந்து இண்டஸ்ட்ரி கற்றது ‘நயன்தாரா விற்கிறார்’ என்பதை மட்டும்தான். அவருக்குக் கொடுத்த பட்டத்தைப் பாருங்கள்: லேடி சூப்பர் ஸ்டார். சூப்பர் ஸ்டார் நாற்காலி ஆணுடையது, அதன் பெண் வடிவம் இவர். 2025 மார்ச்சில் இனி அப்படி அழைக்க வேண்டாம் என்று அவரே அறிக்கை விட்டார்.

இதுவரை சொன்னது பாலினக் கணக்கு. சாதியைச் சேர்க்காமல் ‘ஆடியன்ஸ்’ என்ற சொல்லை நம்மால் முழுதாகப் புரிந்துகொள்ள முடியாது. பக்கத்துக் கேரளத்தில் ஜே.சி.டேனியல் எடுத்த முதல் மலையாளப் படம் ‘விகதகுமாரன்’. ஆண்டு 1928 என்றும் 1930 என்றும் சொல்கிறார்கள். அதன் நாயகி பி.கே.ரோசி, புலையர் சமூகத்துப் பெண். படத்தில் நாயர் பெண்ணாக நடித்தார். திருவனந்தபுரத்தில் படம் திரையிடப்பட்டபோது ஆதிக்கச் சாதிப் பார்வையாளர்கள் திரை மீது கல்லெறிந்தார்கள். ரோசியின் குடிசையைக் கொளுத்தினார்கள். உயிர் பிழைக்கத் தமிழ்நாட்டுக்கு ஓடிவந்தவர், ஒரு லாரி ஓட்டுநரை மணந்து, நாகர்கோவிலில் ராஜம்மாளாக வாழ்ந்து மறைந்தார். நடித்த படத்தை அவர் பார்க்கவே இல்லை. தென்னிந்தியாவில் ஒரு பெண்ணை மையத்தில் வைத்தபோது ‘பார்வையாளர் விருப்பம்’ எப்படி வெளிப்பட்டது என்பதற்கு இதைவிடத் துல்லியமான பதிவு வேண்டுமா? கல்லெறிந்தவர்கள் சீட்டு வாங்கியவர்கள். ரோசியின் தெருவிலிருந்து சீட்டு வாங்கி வந்திருக்கக்கூடியவர்கள் என்ன விரும்பினார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அது பழங்கதை என்று ஒதுக்க முடியாது. 2023 மார்ச் இறுதியில் சென்னை கோயம்பேட்டில் ‘பத்து தல’ பார்க்க வந்த நரிக்குறவர் குடும்பத்தை, கையில் டிக்கெட் இருந்தும் ஒரு திரையரங்கின் ஊழியர்கள் வாசலிலேயே மறித்தார்கள். பெண்ணும் பிள்ளைகளும். காணொளி பரவி, எதிர்ப்பு கிளம்பிய பிறகு, படம் யு/ஏ சான்றிதழ் பெற்றது, குழந்தைகள் இருந்ததால்தான் மறித்தோம் என்று விளக்கம் வந்தது. யு/ஏ படத்துக்குக் கைக்குழந்தையோடு வரும் எத்தனை குடும்பங்களை அந்த வாசலில் மறித்திருப்பார்கள்? பொருளாதாரப் புத்தகத்தின்படி காசும் விருப்பமும் சேர்ந்தால் அது ‘தேவை’. இங்கே காசு இருந்தது, விருப்பம் இருந்தது, டிக்கெட்டே இருந்தது.

சந்தை விரும்பும் பெண் பெயர் ஒன்றும் உண்டு: ‘திரௌபதி’. 2020இல் வந்த மோகன் ஜியின் படம். மக்களிடம் பணம் திரட்டி எடுக்கப்பட்டு, போட்டதைவிடப் பன்மடங்கு சம்பாதித்தது. தலைப்பில் பெண், கதையில் ‘நம் வீட்டுப் பெண்களைக் காப்பாற்றுவது’. பெண் யாரைக் காதலிக்கிறாள் என்பதைத் தானே முடிவு செய்ய முடியாதவள் என்று சொல்லும் படம், ஒரு பெண்ணின் பெயரில் கல்லா கட்டியது. 2025 ஜனவரியில் வர்ஷா பரத்தின் ‘பேட் கேர்ள்’ டீசர் வந்தது. ஒரு பார்ப்பனக் குடும்பத்துப் பெண் தன் ஆசைகளைத் தானே தேடிப் போகிறாள். உடனே சாதிச் சங்கங்கள் கொந்தளித்தன, புகார், வழக்கு, டீசரை நீக்க உத்தரவு. இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 1916இல் கொலம்பியாவில் படித்த ‘இந்தியாவில் சாதிகள்’ கட்டுரையில் அம்பேத்கர் சொன்னது கல்லாப்பெட்டி வரை நீள்வது தெரியும். அகமணம்தான் சாதியின் உயிர், அகமணத்தைக் காக்கப் பெண்ணைக் கட்டுக்குள் வைத்தாக வேண்டும். தேர்ந்தெடுக்கும் பெண் திரையில் வந்தால் சாதிக்கு நடுக்கம் எடுக்கிறது. அந்த நடுக்கத்துக்குத்தான் ‘ஃபேமிலி ஆடியன்ஸ் வரமாட்டாங்க’ என்று வியாபாரத்தில் பெயர்.

‘பேட் கேர்ள்’ செப்டம்பரில் வந்தது. அதுவே தன் கிராஸ் ரூட் நிறுவனத்தின் கடைசிப் படம் என்று வெற்றிமாறன் அறிவித்தார். அதே நிறுவனத்தின் ‘மனுசி’, காவலில் வைத்து விசாரிக்கப்படும் ஒரு பெண்ணின் கதை, தணிக்கைச் சான்றிதழ் மறுக்கப்பட்டு உயர் நீதிமன்றம் வரை போனது. அதன் இயக்குநர் யார் தெரியுமா? ‘அறம்’ தந்த கோபி நயினார். வெற்றி பெற்ற பெண் படத்தின் இயக்குநருக்கு நம் சந்தையும் அரசும் சேர்ந்து கொடுத்த அடுத்த வாய்ப்பு இது. அதே ஆகஸ்டு இறுதியில் மலையாளத்தில் வந்த ‘லோகா’ 300 கோடியைத் தாண்டி, மலையாள சினிமாவிலேயே அதிக வசூல் செய்த படமானது. கல்யாணி பிரியதர்ஷன்தான் நாயகி, நாயகன், எல்லாம். கோயிலுக்குள் நுழைந்ததற்காக அரசனால் வேட்டையாடப்பட்ட ஒரு பழங்குடிச் சிறுமிதான் அந்த யட்சி. பெண்ணும் ஓடாது, சாதி பேசினாலும் ஓடாது என்று சொல்லிவந்தவர்கள் இப்போது ‘அது சூப்பர் ஹீரோ படம், அது வேற’ என்கிறார்கள். ஜெயிக்கும் ஒவ்வொன்றும் ‘வேற’தான்.

‘சாதி பேசினால் ஓடாது’ என்பதை உடைத்தவர்கள் நாம். ‘பரியேறும் பெருமாள்’, ‘அசுரன்’, ‘கர்ணன்’ என்று 2018இலிருந்து வந்த படங்களுக்கு முதல் நாளே போய் உட்கார்ந்து, எழுதி, சண்டை போட்டு, சந்தையின் வாயை அடைத்தோம். சந்தை சொல்வது இயற்கை விதி இல்லை என்பதற்கு நம் இயக்கத்தின் சமீபத்திய அனுபவமே சாட்சி. ஆனால் அந்தப் படங்களில் அடி வாங்குபவனும் திருப்பி அடிப்பவனும் ஆண்தான். பரியனின் உலகத்தில் ஜோவுக்குத் தன்னைச் சுற்றி என்ன நடக்கிறது என்றே கடைசிவரை தெரியாது. ‘ஜெய் பீம்’ யாருடைய கதை? கர்ப்பிணியாகக் கணவனைத் தேடி அலைந்து, சமரசப் பணத்தை மறுத்து, பின்னால் போலீஸ் ஜீப் ஊர்ந்து வர முன்னால் நடந்து போகும் செங்கேணியின் கதை. போஸ்டர் முழுக்க வக்கீல். சூர்யா இல்லாவிட்டால் அந்தப் படம் அத்தனை பேரைச் சென்றடைந்திருக்காது என்பது உண்மைதான். இருளர் பெண் ஒருத்தியின் வழக்கு நம் காதில் விழவே ஒரு நட்சத்திரத்தின் முகம் தேவைப்பட்டது என்பதும் அதே உண்மைதான். தலித் பெண்ணை ஆசையோடும் திமிரோடும் சிரிப்போடும் மையத்தில் வைத்த ‘நட்சத்திரம் நகர்கிறது’ 2022இல் வந்தது. ரெனேவைப் போல இன்னொருத்தியைச் சொல்லுங்கள் என்றால் நமக்கு யோசிக்க நேரம் பிடிக்கிறது.

ரசிகர் மன்றத்துக்கு நாம் எதிரி என்று சொல்லிக்கொள்கிறோம். ஆனால் ஆண் நாயகன் எழுந்து நிற்கும் படத்துக்கு முதல் நாள் டிக்கெட், பெண்ணின் படத்துக்கு ‘ஓடிடியில வரட்டும், நிதானமா பாக்கலாம்’ என்பது நம் வட்டத்தில் சர்வசாதாரணம். விநியோகஸ்தரின் நோட்டில் இது எப்படிப் பதிவாகும்? வராதவர்களின் கொள்கை அதில் ஏறாது. காலி இருக்கை ஏறும்.

2024 ஆகஸ்டு 23, வெள்ளிக்கிழமை. அன்று மாரி செல்வராஜின் ‘வாழை’யும் பி.எஸ்.வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’யும் ஒன்றாக வந்தன. ‘வாழை’ நல்ல படம், அதற்குக் கிடைத்த கூட்டம் அதற்கு உரியதுதான். ‘கொட்டுக்காளி’யில், ஒடுக்கப்பட்ட சாதிப் பையனைக் காதலித்தாள் என்பதற்காகப் பேய் பிடித்திருப்பதாகச் சொல்லி, ஒரு குடும்பமே மீனாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சாமியாரிடம் போகிறது. அவள் ஏறக்குறைய எதுவுமே பேசுவதில்லை. சாதி ஆணவத்தைப் பெண்ணின் மௌனத்திலிருந்து காட்டிய படம். இதைத் தியேட்டருக்கே கொண்டுவந்திருக்கக் கூடாது என்று படவுலகத்துக்குள்ளிருந்தே குரல் வந்தது. வசூலை விடுங்கள். சாதி எதிர்ப்பு பேசும் நம் தளங்களில் அந்த வாரம் ‘வாழை’யைப் பற்றி எத்தனை கட்டுரை வந்தது, ‘கொட்டுக்காளி’யைப் பற்றி எத்தனை வந்தது? பழைய பக்கங்கள் அப்படியேதான் இருக்கின்றன, எண்ணிப் பார்க்கலாம்.